ஆளு கோணல், செவுரு நேரு

காய்ந்த செங்கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் அது முதலில் ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விட்டு, பிறகு சின்னச் சின்னக் குமிழிகளாகக் குடிக்க ஆரம்பிக்கும். குடித்து முடித்ததும் அதிலிருந்து ஒரு வாசனை எழும், கோடை மழையின் முதல் தூறலுக்கு எழுவதைப் போலத்தான், ஆனால் அதைவிடக் கொஞ்சம் கசப்பானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்தச் சத்தமும் அந்த வாசனையும்தான் முதலில் வருகின்றன. நாட்டில் அந்த வருஷம் என்னென்னவோ நடந்ததாகச் சொல்கிறார்கள், நானும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு நடந்தது ஒரு சுவர், ஓர் ஆடு, ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

வார்த்தை ‘கோணல்’. எங்கள் வீட்டில் அது ஒரு நாளைக்கு இருபது தடவையாவது புழங்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் அம்மா என் தலையைச் சீப்பால் இரண்டாகப் பிளந்துகொண்டே, “நேரா நில்லுடி, வகிடு கோணிக்கினு போவுது” என்பாள். கதவு சாத்தவில்லை என்றால் நிலை கோணல், தோசை வட்டமாக வரவில்லை என்றால் கல் கோணல். மார்க் குறைந்துபோய், கேள்வித்தாள் கஷ்டம் என்று நான் இழுத்தால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று ஒரு போடு போடுவாள். கேட்ட பண்டத்தை நான் தம்பிக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தால், “கோணிக்கினு கோடி குடுக்கறதுக்கு கோணாம காணி குடுடி” என்பாள். அடுத்தவன் வரப்பை வருஷத்துக்கு ஒரு விரக்கடை தன் பக்கம் வெட்டிக்கொள்கிறவனுக்குக் ‘கோணப் புத்தி’ என்று பெயர். ஆனால் புத்தியைச் சேர்த்துச் சொன்னால்தான் அது திட்டு. வெறுமனே ‘கோணல்’ என்றால் திட்டு இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்வது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இங்கிலீஷில் அப்படி இல்லை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். நைனா கொத்தனார். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் வேலை ஏது, எல்லாக் கொத்தனார்களையும் போல அவரும் மெட்ராஸில் கட்டடம் கட்டுகிற இடத்திலேயே தங்கி, சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குத் தலையைக் காட்டிவிட்டு, திங்கள் விடிவதற்குள் போய்விடுவார். நான் பிறந்து இரண்டு வருஷத்துக்கெல்லாம் அவர் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். உடைந்த எலும்பைச் சரியாகச் சேர்க்காமல் கட்டுப் போட்டுவிட்டதால் வலது தோள் இறங்கி, நிற்கும்போது உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஊரில் அவருக்குக் ‘கோணத்தோள் மேஸ்திரி’ என்றே பெயர். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் ஒரு மயிரிழை விலகாது என்பதால், “ஆளு கோணல், செவுரு நேரு” என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவரே முந்திக்கொண்டு அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பொட்டல் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். என்ன கம்பெனி, என்ன செய்யப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் சுற்றுச்சுவர், அப்புறம் உள்ளே கட்டடங்கள், நாலு வருஷத்துக்குக் குறையாத வேலை என்று மட்டும் பேச்சு. சுவர் வேலையை மேற்பார்த்த சூப்பர்வைசர் நைனாவின் கையை மெட்ராஸிலேயே பார்த்திருந்தவர். “செவுத்த ஒழுங்கா முடிச்சிக் குடு மேஸ்திரி, உள்ள இருக்கற மொத்தமும் ஒனக்குத்தான்” என்று அவர் சொன்ன அன்று நைனா வீட்டுக்கு வந்து, மெட்ராஸுக்கு எடுத்துப்போகும் தகரப்பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டார். அம்மா அந்தப் பரணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நைனா தினமும் வீட்டில் இருப்பது எப்படிப்பட்டது என்று அதுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சிமெண்டு அப்பிய காலோடு வந்து, கிணற்றடியில் நின்று, “அமலி, தண்ணி மொள்ளு” என்று குரல் கொடுப்பார். நான் வாளியில் மொண்டு ஊற்றுவேன். எனக்கு நோட்டில் கோடு இல்லாத தாளில் எழுத வராது, வரி போகப்போகச் சரியும். இங்கிலீஷ் சிஸ்டர் ஓரத்தில் சிவப்பு மையால் ‘க்ரூக்கட்’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டு வைப்பார். அதைப் பார்த்த நைனா, சுவருக்குப் பிடிக்கிற நூலில் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் நோட்டின் குறுக்கே இரண்டு முனையையும் பிடித்து, “இதும் மேல எழுது. எழுத்தும் செங்கல்லும் ஒண்ணுதான். மொதல் வரி கோணிச்சின்னா முச்சூடும் கோணிக்கும்” என்பார். முதல் கோணல் முற்றும் கோணல் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது அவர் வாயில் அப்படி வரும். இரண்டு கையாலும் நூலைப் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தை எழுதி முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். நாளெல்லாம் செங்கல் தூக்கிய கை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

இனி ஆடு. எங்களிடம் ஒரு வெள்ளாடு இருந்தது, அடங்காப்பிடாரி. பொட்டலில் சுவர் வரப்போகும் தடத்தில் இஞ்சினியர் வந்து ஐம்பது அறுபது அடிக்கு ஒன்றாக முளைக்குச்சிகளை அடித்து, தலையில் சிவப்புப் பெயிண்ட் பூசி, குச்சிக்குக் குச்சி சுண்ணாம்புப் பொடியால் கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆடு மாடு உள்ளே வந்தால் பட்டியில் அடைத்துவிடுவேன் என்று வாட்ச்மேன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் நல்ல புல் அங்கேதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் பெய்த மழையில் தரை சொதசொதவென்று கிடந்த மத்தியானத்தில், வாட்ச்மேன் சாப்பிடப் போன நேரம் பார்த்து நான் ஆட்டைக் கொண்டுபோய், கட்ட வேறு எதுவும் இல்லாததால் ஒரு முளைக்குச்சியில் கட்டிவிட்டு, பக்கத்துப் பனைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஆடு குச்சியையும் இழுத்துக்கொண்டு வெகுதூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பிடித்து, குச்சியை அவிழ்த்துக்கொண்டு வந்து பார்த்தால் அது இருந்த குழி தெரியவில்லை. ஆட்டின் குளம்பு பட்டு அந்த இடமே சேறாகிக் கிடந்தது. சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிவிட்டிருந்தது. தூரத்தில் வாட்ச்மேன் தலை தெரிந்தது. இங்கேதான் இருந்திருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் குச்சியை ஊன்றி, கருங்கல்லால் நாலு அடி அடித்துவிட்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஒரு முழம் உள்ளே தள்ளிப்போயிருக்கிறது. அதை அப்போது யார் அளந்தார்கள்?

நைனா அளந்தார். கடக்கால் தோண்டக் குச்சிக்குக் குச்சி நூல் கட்டிய அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: “ஒரு குச்சி மட்டும் உள்ள தள்ளிக்கினு கீது. எங்கண்ணன் நெலத்தாண்ட. நேராப் போவேண்டிய லைனு அங்க முட்டி மடக்கினு போவுது. சூப்பர்வைசர கேட்டேன். இஞ்சினியர் வச்ச குச்சி, அது எங்க கீதோ அங்க கட்டு, ஒனக்கு இன்னாத்துக்கு ஆராய்ச்சின்றாரு.” அம்மா, “பெரியவங்க சொன்னா செய்யேன். நெலத்துக்கு ஏது நேரு” என்றாள். நைனா சோற்றைப் பிசைந்தபடியே, “இல்ல, கண்ணுக்கு ஒறுத்துது” என்றார்.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயில் கொழுக்கட்டை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா விளக்குமாற்றால் இரண்டு போட்டிருப்பாள், மறுநாள் காலையில் குச்சி தன் இடத்துக்குப் போயிருக்கும், சுவர் நேராகப் போயிருக்கும், நைனா வீட்டில் இருந்திருப்பார். இதை நான் இத்தனை வருஷத்தில் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், எப்படிச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அடிக்குப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது ஒரு சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் அரை நாள். யூனிபாரத்தோடேயே நைனாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சித்தாள் பெண்கள் இரண்டு பேர் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் தங்கச்சி கல்யாணம் என்று ஊருக்குப் போயிருந்தார். அன்றைக்கென்று இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் வராது. எப்போதும் சூப்பர்வைசர்தான் நடுவில் நின்று பேசுவார். இஞ்சினியர் சுவரின் மூலையில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரின் நீளத்துக்குப் பார்த்தார். நைனாவும் அப்படித்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு நைனாவிடம் வந்து வேகமாக ஏதோ கேட்டார். நைனா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். இஞ்சினியரின் கண் என் யூனிபாரத்தின் மேல் விழுந்தது. உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. “எஸ் சார்” என்றேன்.

அவர் விரலால் சுவரைக் காட்டினார், பக்கத்து நிலத்தைக் காட்டினார், நைனாவைக் காட்டினார். நீளமாகப் பேசினார். அது பெரியப்பா நிலம் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு முழம் விட்டுக்கொடுப்பதற்காகத் தம்பி சுவரை மடக்கிக் கட்டியிருக்கிறான் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபட்டவை மூன்றே: சுவர், உன் அப்பா, ‘க்ரூக்கட்’. மூன்றாவது, என் நோட்டின் ஓரத்தில் வாரா வாரம் வருகிற வார்த்தை. அது எனக்கு அத்துப்படி.

“இன்னாம்மா சொல்றாரு?” என்றார் நைனா.

“செவுரு கோணலா கீதாம், நைனா. நீயும் கோணலா கீறியாம்.”

செங்கல் நனைத்துக்கொண்டிருந்த சித்தாள் ஒருத்தி, “கோணலா? கிறுக்குன்னு இல்ல சொன்னாரு, என் காதால கேட்டனே” என்றாள். “கிறுக்கு இல்லக்கா, க்ரூக்கட். அப்பிடின்னா கோணல்” என்று நான் திருத்தினேன். அந்தத் திருத்தத்தில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

நைனா கடகடவென்று சிரித்துவிட்டார். தோளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? வாழ்நாள் முழுக்க அவரைப் பார்த்த முதல் பார்வையில் எல்லோரும் சொன்னது அதைத்தானே. “ஆமான்னு சொல்லு. பத்து வருசமா கோணல்தான்னு சொல்லு. சாரத்துலேர்ந்து வுழுந்ததுலேர்ந்து. ஆனா கை நேரு, செவுரு குச்சிப்படிதான் போவுதுன்னு சொல்லு.”

சாரத்துக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. முளைக்குச்சிக்குத் தெரியாது. ‘கை நேரு’ என்பதை எப்படிச் சொல்வதென்றும் தெரியாது. குச்சி என்ற பேச்சை எடுக்கவும் எனக்கு விருப்பமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன். “எஸ் சார். மை ஃபாதர் இஸ் க்ரூக்கட். டென் இயர்ஸ், சார்.”

இஞ்சினியர் என்னையே பார்த்தார். பக்கத்தில் நைனா சிரித்த முகத்தோடு தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டிருந்தார். அவர் நைனாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, “ஹானஸ்ட் கேர்ல்” என்றார். அந்தக் கையில் இரக்கம் இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜீப் போனதும் நைனா கேட்டார், “இன்னாவோ சொன்னாரே ஒன்ன?” “நேர்மையான பொண்ணுன்னு சொன்னாரு” என்றேன். “பின்ன, யாரு பெத்த பொண்ணு” என்று நைனா தூக்கைத் திறந்தார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்தார். வேறு ஆட்கள் வருகிறார்கள், நீ வேண்டாம் மேஸ்திரி என்றார். காரணம் கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவருக்கு ஒம்மேல திருப்தி இல்ல, வுடு” என்றார். குச்சிப்படி கட்டு என்று சொன்னவர் அவர்தான், அதை வெளியே விட்டால் அவர் வேலையும் போய்விடும். சுவரை இடிக்கவும் இல்லை. இடித்துக் கட்ட நாளாகும் என்று மடங்கிய இடத்தை மடங்கியபடியே விட்டு, புது ஆட்கள் அதன் மேலேயே அடுக்கிக்கொண்டு போனார்கள். நைனா பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினார். அதன் மேல் இரண்டு மாசத் தூசிதான் இருந்தது. அந்த இரண்டு மாசம்தான் நான் என் அப்பாவோடு இருந்த காலம். அதற்குப் பிறகு மெட்ராஸ், அப்புறம் பெங்களூர். மாசத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிது. என் நோட்டில் நூல் பிடிக்க ஆள் இல்லை.

வேலை போனது தோளால் என்றுதான் நைனா நம்பினார். சாய்ந்து நிற்கிறவனுக்கு நேர்ச்சுவர் எங்கே வரும் என்று அந்தப் படித்த மனுஷன் நினைத்துவிட்டார் போல, அது அவர் தப்பில்லை என்றார். கொஞ்ச நாளில் அதையே ஒரு கதையாக்கிவிட்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் டீக்கடையில், கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில் அதைச் சொல்வார். இஞ்சினியர் ஒரு கண்ணை மூடிப் பார்த்ததை நடித்துக் காட்டுவார். “செவுர பாக்க வந்தவரு தோள பாத்துட்டாரு! ரசமட்டம் இல்லாம, தூக்குக்குண்டு இல்லாம, வெறுங்கண்ணால என்னைக் கோணல்னு கண்டுபுடிச்ச ஒரே ஆளு அவருதான். எம்பொண்ணுதான் இங்கிலீஸ்ல பேசினா. அதுவும் ஆமான்னு ஒத்துக்கிச்சி!” என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனை தடவை கேட்டவர்களும் சிரிப்பார்கள். பெரியப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அந்தக் கதையைச் சொல்லும்போது நைனாவுக்கு வயசு குறையும். வேலை போன வலியை அவர் அப்படித்தான் விழுங்கினார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அகராதியைப் புரட்டும் பழக்கம் கல்லூரிக்குப் போன பிறகுதான் வந்தது. வேறொரு வார்த்தையைத் தேடப்போய் ‘க்ரூக்கட்’ மேல் கண் விழுந்தது. முதல் பொருள் கோணலான, வளைந்த. இரண்டாவது பொருள் நேர்மையற்ற, மோசடியான. கீழே ஒரு குறிப்பு, ஆளைப் பற்றிச் சொன்னால் இரண்டாவது பொருள்தான் என்று. நூலகத்தில் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது.

அதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இருபது வயசில் உண்மை என்றால் உடனே சொல்லிவிட வேண்டிய பண்டம் என்று ஓர் எண்ணம். அந்த மாசம் நைனா வந்தபோது சொன்னேன். அவர் மண் சட்டியில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை.

“கோணல்தான? நீதான சொன்ன.”

“கோணல்னும் அர்த்தம் இருக்குது, நைனா. ஆளைச் சொன்னா வேற அர்த்தம். கோணப் புத்தி.”

“திருடன்னா?”

“திருடன்னு இல்ல. ஏமாத்துறவன்.”

அவர் கை சட்டியிலேயே நின்றது. “எங்கண்ணனுக்கு நெலம் வுட்டேன்னு நெனச்சாராமா?” என்று கேட்டார். நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம் கழித்து, “ஆமான்னு நானே சொல்லிக்கீறேன், பத்து வருசமான்னு” என்றார். பிறகு, “ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிக்கினு கெடந்தனே” என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவில்லை. என் கல்யாணத்தில் பெரியப்பா ஆசையாக, “டேய், அந்த இஞ்சினியர் கதய அவுத்து வுடுறா, மாப்ள வூட்டாருங்க கேக்கட்டும்” என்றபோது, “வுடுண்ணா” என்று பந்திப் பக்கம் போய்விட்டார். ஊருக்கு வரும் பஸ் அந்தச் சுவரை ஒட்டித்தான் வரும். முன்பெல்லாம் இறங்கி நடக்கும்போது மடங்கிய இடத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு வருவார். பிறகு ஒரகடத்திலேயே இறங்கி, சுற்றுவழியில் வர ஆரம்பித்தார். நான் நேர்மையாகச் சொன்னதில் அவருக்குக் கிடைத்தது இதுதான். நேர்மையான பொண்ணு!

இத்தனைக்கும் நான் சொன்னது பாதி. ஆட்டை நான் சொல்லவே இல்லை. ஒரு உண்மையைச் சொல்லி அவருடைய ஒரே வேடிக்கைக் கதையைப் பிடுங்கியாயிற்று, இரண்டாவதைச் சொன்னால் எதைப் பிடுங்குவேனோ என்று பயமாக இருந்தது. கடைசி வருஷங்களில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தபோது அவர் சில சமயம் தானாகவே, “அந்தக் குச்சி மட்டும் எப்பிடி அங்க வந்துச்சின்னு வெளங்கலியே” என்று ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியோடு என் முகத்தைப் பார்க்கவும் மாட்டார், சும்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. “மாத்திரை போட்டியா நைனா?” என்பேன். அவரைச் சவப்பெட்டியில் படுக்க வைத்தபோது வலது தோள் பலகையில் படியவில்லை. அம்மா, “கோணலா கீறாரே, யாராவது ஒரு துணி மடிச்சி வைங்களேன்” என்று அழுதாள். நான்தான் துண்டை மடித்து வைத்தேன்.

இப்போது எனக்கு இங்கேயே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. இங்கிலீஷில் வருகிற அறிவிப்புகளைத் தமிழாக்கி, ஷிப்டு மாறும் வாசலில் ஒட்டவேண்டும். யாரும் நின்று படிப்பதில்லை, ஓவர்டைம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதியில் கடைசிப் பொருள்வரை பார்க்காமல் நான் எழுதுவதில்லை. மேலதிகாரிக்கு நான் மந்தம் என்று குறை. இருக்கட்டும்.

சாலையை அகலப்படுத்த அந்தச் சுவரை இடிக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, வேலை முடிந்து வருகிற வழியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டேன். பெரியப்பா நிலம் எப்போதோ மனைகளாகி, மனைகள் கடைகளாகியிருந்தன. முக்காலியில் கருவி வைத்து அளந்துகொண்டிருந்த ஓர் இளைஞர், காதில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்க, தனக்குத்தானே சொல்வதுபோல, “எவனோ கோணப் புத்திக்காரன் கட்டிக்கீறான் பாருங்க மேடம். ஒரு முழம் முழுங்கிட்டான்” என்றார்.

“கட்டினவரு நேருப்பா” என்றேன். “குச்சிதான் தள்ளி இருந்துச்சி. ஆட்டக் கட்டி, குச்சி புடுங்கிக்கினு வந்து, திருப்பி தப்பா நட்டது நான்.”

அவர் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்ஃபோனை எடுத்துவிட்டு, “இன்னா மேடம் சொன்னீங்க?” என்றார். மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. முப்பது வருஷத்துக்கு மேல் வாயில் வைத்திருந்ததை, பெயர் தெரியாத ஒரு பிள்ளையிடம், லாரிகள் போகும் சாலையில் நின்று இரண்டு தரம் சொன்னேன். அவர் சிரித்தார். “பரவால்ல மேடம், அதான் இடிக்கிறமே. தூசி வரும், தள்ளி நின்னுக்கோங்க.”

தள்ளி நின்றேன். இயந்திரம் இரண்டு இடி இடித்ததில் மடங்கிய இடம் சரிந்தது. தூசி அடங்குவதற்காகத் தண்ணீர் லாரிக்காரர் குழாயைத் திருப்பி உடைந்த செங்கல் குவியலின் மேல் பீய்ச்சினார். அத்தனை வருஷம் கழித்தும் அவை ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விட்டுக் குடித்தன. வாசனை வருமோ என்று நின்றேன், டீசல் புகையில் எதுவும் தெரியவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டேன்.

இப்போது அங்கே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தி ஒரே நாளில் எழுப்பிய சுவர் இருக்கிறது. நைனா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவு நேர். தினமும் இரண்டு தரம் அதைத் தாண்டிப் போகிறேன். அந்தப் பிள்ளை ‘பரவால்ல’ என்றது சில நாள் காதில் கேட்கிறது. அதை என்னிடம் சொல்ல வேண்டியவர் என் எதிரில் எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருந்தார். நான் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டேன்.